மாடியில் சோலார் போடலாமா? முதலில் ஈ.பி. அட்டையை எடுங்க

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுவில் ஊராட்சிக் கூட்டமைப்புப் பிரதிநிதிகளிடம் பேசியது. அன்றைக்கு வர முடியாத குழுக்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



நம்ம குழுக்களில் கடன் கேட்கும்போது தீர்மான நோட்டில் என்ன காரணம் எழுதுவோம்? கறவை மாடு, பெட்டிக்கடை, பிள்ளைங்க படிப்பு, வீடு ரிப்பேர், மருத்துவச் செலவு. இப்போ புதுசா ஒரு காரணம் வருது. "சோலார் போட." ஊருக்குள்ள நோட்டீஸ் கொடுத்துட்டு ஆட்கள் வர்றாங்க. "அரசே 78,000 ரூபாய் தருது, மாசம் 300 யூனிட் இலவசம், அட்டையையும் ஆதாரையும் கொடுங்க" என்று கேட்கிறாங்க. கேட்டவுடனே கொடுத்தவங்களும் உண்டு, பயந்துபோய் கதவைச் சாத்தினவங்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றுதான் இன்றைக்கு இதை எடுத்திருக்கிறோம்.

அந்த ஆட்கள் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதியை விட்டுட்டுச் சொல்றாங்க.

திட்டம் இதுதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். சூர்ய கர் என்ற பெயரில் வீட்டு மாடியில் சூரிய மின்சாரம் போடும் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகளுக்கு, 2026-27 நிதியாண்டு வரைக்கும், 75,021 கோடி ரூபாய் செலவில் என்று அறிவித்தார்கள். மானியம் எப்படி என்றால், முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆக ஒரு கிலோவாட் போட்டால் 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000-தான்.

கிலோவாட் என்றால் என்ன என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறாங்க. ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யூனிட் கரண்ட் தரும். மாதம் 120, இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், பங்குனி, சித்திரையில் கொஞ்சம் கூடும். இடம் என்று பார்த்தால் ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும், அதுவும் நிழல் விழாத இடம். தென்னை மரம் பக்கத்தில் இருந்தால் இரண்டு கஷ்டம். நிழலில் மின்சாரம் குறையும், நெத்து விழுந்தால் கண்ணாடி போகும். வத்தல், மிளகாய் காயப்போடும் மாடியும் அதேதான் என்பதை யாரும் நோட்டீஸில் போடுவதில்லை!

இப்போ அந்த "300 யூனிட் இலவசம்" என்ற பேச்சுக்கு வருவோம். நம்ம தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் வந்ததே, அது அரசு நமக்காகப் பணம் கட்டி விடும் இலவசம். இந்த 300 யூனிட் அப்படி இல்லை. நாம் காசு போட்டு, கடன் வாங்கி, நம்ம மாடியில் வைக்கிற பேனல் செய்து தருகிற மின்சாரம் அது. மூன்று கிலோவாட் போட்டால் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும், அதற்கு நாம் மறுபடி பில் கட்ட வேண்டாம் என்பதுதான் அர்த்தம். பேனல் வாங்கின கடனை நாமதான் கட்டணும்.

சரி, எவ்வளவு ஆகும்? மானியக் கணக்குக்காக அரசு எடுத்துக்கொண்ட விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000, மூன்றாவதுக்கு 45,000. வெளியில் கம்பெனிகள் சொல்லும் விலை பெரும்பாலும் இதைவிடக் கூடுதல்தான். மானியமும் முதலிலேயே கைக்கு வராது. பேனல் மாட்டி, ஈ.பி. ஆட்கள் வந்து சோதித்து, மீட்டர் வைத்து முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். அதுவரைக்கும் முழுப் பணத்துக்கும் நாம்தான் வழி பார்க்கணும்.

இங்கேதான் அட்டையை எடுக்கச் சொல்கிறோம். உங்க வீட்டில் இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது? கடைசி ஆறு ரீடிங்கைப் பாருங்க, அப்பத்தான் கோடையும் மழையும் சேர்ந்து வரும்.

2024 ஜூலைக் கட்டணப்படி கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு விளக்கு, இரண்டு ஃபேன், டி.வி., மிக்ஸி வைத்திருக்கும் வீட்டில் 200 யூனிட் ஓடினால் பில் சுமார் 235 ரூபாய். வருஷத்துக்கு ஆறு பில், 1,400 ரூபாய். இந்த வீட்டில் ஒரு கிலோவாட் போட்டு பில்லே இல்லாமல் ஆனாலும் மிச்சம் அந்த 1,400-தான். மானியம் போக 20,000 கையிலிருந்து போட்டால், அந்தப் பணம் திரும்ப 14 வருஷம். வட்டியைச் சேர்த்தால் நாம் தாத்தா பாட்டி ஆகிடுவோம். குடிசை இணைப்பு வைத்திருக்கிறவங்களுக்கும் 100 யூனிட்டுக்குள் ஓட்டுகிறவங்களுக்கும் பில்லே கிடையாது, பிறகு எதை மிச்சம் பிடிப்பது?

அடுத்து 500 யூனிட் வீடு. ஃபிரிட்ஜ், கிரைண்டர், தண்ணி மோட்டார், தையல் மெஷின் எல்லாம் இருக்கு. பில் சுமார் 1,800. இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் வரும், பில் கிட்டத்தட்ட காணாமல் போகும். வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம். மானியம் போக 40,000-லிருந்து 60,000 வரை போட்டிருந்தால் நாலு முதல் ஆறு வருஷத்தில் எடுத்துவிடலாம். 500-ஐத் தாண்டுகிற வீட்டுக்கு இன்னும் லாபம். ஏனென்றால் தாண்டினவுடனே கட்டண வரிசையே மாறி, 600 யூனிட்டுக்கு பில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் துள்ளுகிறது. சோலார் வீட்டுக்கு ஈ.பி.யில் வேறு கட்டணம் ஏதும் உண்டா என்பதையும் கேட்டு இதில் கழித்துக்கொள்ளுங்க.

ஆக, எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். 300 யூனிட்டுக்குக் கீழே ஓடுகிற வீட்டுக்காக சோலார் கடன் தீர்மானம் போடாதீங்க. அந்த வீட்டுக்கு வேறு வழி இருக்கு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 27 யூனிட் மிச்சம். அதற்கு உள்கடன் மூவாயிரம் போதும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் வீடு, கூரை வீடு, வாடகை வீடு, இவர்களுக்கு இந்த மாடித் திட்டம் எட்டாது. நம்ம உறுப்பினர்களில் ரொம்ப ஏழையானவங்க யாரோ, அவங்கதான் இதில் வெளியே நிற்கிறாங்க. 2011-12 முதல் கட்டின பசுமை வீடுகளில் ஐந்து சோலார் விளக்கு கொடுத்தாங்க, ஞாபகம் இருக்கும். சோலாருக்கு ஏற்கெனவே வேறு மானியம் வாங்கின வீட்டுக்கு இந்தப் புது மானியம் கிடைக்காது என்று விதி இருப்பதால், பசுமை வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெளிஞ்சுக்கணும்.

இனி பெயர் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க, சகோதரிகளே.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கு? பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில், இல்லையென்றால் மாமனார் பெயரில், அவர் இறந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும் அவர் பெயரிலேயே. விண்ணப்பம் அந்த இணைப்பின் பெயரில்தான் போகும், மானியமும் விண்ணப்பதாரர் கணக்கில்தான் ஏறும். ஆனால் குழுவில் கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டப்போவது நாம். கடன் நம்ம தலையில், கூரை அவங்க பெயரில், 60,000 மானியம் அவங்க கணக்கில். அந்தப் பணம் கடனுக்கு வருமா, வேறு எதுக்காவது போய்விடுமா? எல்லா வீட்டிலும் தகராறு என்று சொல்லவில்லை. ஆனால் மாடு வாங்கின கடனில் மாடாவது நம்ம தொழுவத்தில் நிற்கும். பேனலை மாடியிலிருந்து கழற்றிக்கொண்டு போக முடியாது.

அதனால் முதல் வேலை பெயர் மாற்றம். மாமனார் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீதோடு ஈ.பி. ஆபீஸில் கேளுங்க. உங்க பெயருக்கே மாற்ற முடிந்தால் ரொம்ப நல்லது. முடியாவிட்டால், மானியம் வந்தவுடன் கடன் கணக்கில் கட்டுவதாக வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே தீர்மானம் எழுதுவது என்று ஊராட்சிக் கூட்டமைப்பில் முடிவு எடுக்கலாம்.

கடனை எங்கே வாங்குவது? உள்கடன் நமக்கு நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய், சில குழுவில் இரண்டு ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 12, 24 சதவீதம். இந்தத் திட்டத்துக்காக அரசு வங்கிகள், மூன்று கிலோவாட் வரைக்கும், 2 லட்சம் ரூபாய் வரை ஈடு இல்லாமல் தருகிற கடன் தொடங்கினபோது 7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அப்படி ஒரு கடன் இருக்கும்போது குழுப் பணத்தை இதில் முடக்க வேண்டியதில்லை. குழுப் பணம் அவசரத்துக்கு இருக்கட்டும்.

கடன் கொடுக்கும் கூட்டமைப்புகளுக்கு பங்களாதேஷ் கதையைச் சொல்லணும். அங்கே 2003-லிருந்து ஐட்கால் என்ற அரசு நிதி நிறுவனம், நம்ம மாதிரி சிறுகடன் அமைப்புகள் வழியாக, கரண்ட் எட்டாத கிராமங்களுக்குத் தவணையில் சின்ன சோலார் கொடுத்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள்! மண்ணெண்ணெய் விளக்குப் புகையிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் தப்பிச்சாங்க, அது பெரிய காரியம். ஆனால் பிறகு மின்கம்பி கிராமத்துக்கே வந்தது, இலவசமாகவும் சில இடத்தில் சோலார் கொடுத்தாங்க. வாங்கின பேனலுக்குத் தவணை கட்டுவது பல இடத்தில் நின்றது. கடன் கொடுத்த அமைப்புகள் நிலுவையில் மாட்டிக்கொண்டன. அரசின் கொள்கை ஒரு பக்கம் திரும்பினால் நம்ம கடன் கணக்கு மறுபக்கம் சாயும். நம்ம ஊரிலும் இலவச யூனிட் கூடினால், மேலே சொன்ன மிச்சக் கணக்கு அன்றைக்கே மாறும். அதனால் 15 வருஷத்தில் பணம் எடுக்கலாம் என்கிற திட்டத்தை நம்பாதீங்க, ஆறு வருஷத்துக்குள் எடுக்க முடிகிற வீடு மட்டும் போடட்டும்.

இனி பலருக்கும் தெரியாத ஒரு சங்கதி. சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகும்போது நம்ம வீட்டில் மட்டும் விளக்கு எரியும் என்று நினைக்கிறோம். எரியாது! பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் நின்றவுடனே தானும் நின்றுவிடும், நடுப்பகல் வெயிலாக இருந்தாலும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்காங்க. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் நம்ம மாடிக் கரண்ட் பாயக் கூடாது இல்லையா? மானியம் கிடைப்பது இந்த மாதிரி லைனோடு இணைத்த சோலாருக்குத்தான். பகலில் நமக்குப் போக மீதி லைனுக்குப் போகும், ராத்திரி லைனிலிருந்து எடுப்போம், நெட் மீட்டர் இரண்டையும் கழித்துக் காட்டும்.

பேட்டரியும் வேண்டும் என்றால் வைக்கலாம், ஆனால் அதற்குத் தனி மானியம் இல்லை. சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரி, 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர், முழுக்க நிறைந்தாலும் அதற்குள் இருப்பது 1.8 யூனிட்தான். அதையும் அடிவரைக்கும் வழிக்க முடியாது. இரண்டு ஃபேன், மூன்று பல்பு ஆறேழு மணி நேரம் ஓடும், கிரைண்டரும் மோட்டாரும் அதில் ஓடாது. தண்ணி ஊற்றிப் பார்த்துக்கிட்டாலும் நாலைந்து வருஷத்தில் மாற்றணும். பிரசவித்த பெண், வயசானவங்க, படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது தேவைதான். லாபத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

சேமிப்பு என்பது தனி வீட்டுக்குச் செலவு, ஊருக்கு லாபம். அரசும் இப்போ அந்தப் பக்கம்தான் பணம் வைக்குது. யோசித்துப் பாருங்க, சூரியன் ஆறு மணிக்கு இறங்கிடும், நாம் ஸ்விட்ச் போடுவதே ஆறு மணிக்குத்தான். பகலில் மிஞ்சுவதை ராத்திரிக்கு வைக்க எங்காவது ஒரு குதிர் வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் காடம்பாறையில் 1980-களின் கடைசியிலேயே அப்படி ஒன்று கட்டினாங்க. மிச்சக் கரண்ட் இருக்கும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணியை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவாங்க. கரண்ட் தட்டுப்படும் நேரத்தில் அதே தண்ணியை இறக்கி 400 மெகாவாட் வரை எடுப்பாங்க. நம்ம ஊர் மேல்நிலைத் தொட்டி மாதிரிதான், மோட்டார் ஓடுறப்போ ஏற்றி வைத்து வேண்டும்போது குழாயைத் திறப்பது.

இப்போ அதே வேலைக்குப் பெரிய பேட்டரிகள். 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட்-மணி பேட்டரி சேமிப்புக்கு, கட்டும் செலவில் 40 சதவீதம் வரை அரசு உதவி என்று முடிவு செய்து 3,760 கோடி ஒதுக்கியது. 2025 ஜூனில் இன்னும் 30,000 மெகாவாட்-மணிக்கு 5,400 கோடி அறிவித்தாங்க. குஜராத்தில் மொதேரா என்று ஒரு ஊர், பழைய சூரியன் கோயில் இருக்கிற ஊர். 2022 அக்டோபரில் அதை இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் ஓடும் ஊராக அறிவித்தாங்க. 1,300-க்கு மேற்பட்ட வீடுகளில் ஆளுக்கு ஒரு கிலோவாட் பேனல், பக்கத்து சுஜ்ஜன்புராவில் அரசு நிலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி. வீட்டுக்கு வீடு பேட்டரி வாங்கச் சொல்லி யாரையும் கடனாளி ஆக்கவில்லை. அதைத்தான் கவனிக்கணும்.

கிராம சபையில் நாம் வாய் திறக்க இங்கே இடம் இருக்கு. பி.எம். சூர்ய கர் திட்டத்துக்குள்ளேயே மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் என்று ஒதுக்கி, தேர்வாகும் ஊருக்கு ஒரு கோடி ரூபாய் என்று வைத்தாங்க. 5,000 பேருக்கு மேல் இருக்கிற வருவாய்க் கிராமங்கள் போட்டியில் வரலாம். நம்ம மாவட்டத்தில் எந்த ஊர், அந்தப் பணத்தில் என்ன வேலை, தெருவிளக்கா, குடிநீர் மோட்டாரா, ஓட்டு வீட்டுக்காரங்களுக்கு என்ன பங்கு என்று கேளுங்க. மாடி இல்லாதவங்களுக்கு இந்தத் திட்டத்தில் ஏதாவது வரும் என்றால் இந்த மாதிரிப் பொது வேலையில்தான் வரும்.

நிலம் இருக்கிற உறுப்பினர்களுக்கு இரண்டு வார்த்தை. சோலார் பம்புசெட்டுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு 70 சதவீதமும் கொடுத்து வந்திருக்காங்க. ஏற்கெனவே இலவச மின் இணைப்பு உள்ளவங்களுக்கு இது அவசரம் இல்லை. இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவங்க, சோலார் வாங்கினால் அந்தப் பதிவு என்ன ஆகும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கோங்க. பம்புக்குப் பேட்டரி வேண்டாம், தொட்டியில் நிற்கிற தண்ணியே சேமிப்பு. அதே துறையில் சூரிய கூடார உலர்த்திக்கும் மானியம் உண்டு. முருங்கை இலை, கொப்பரை, மிளகாய் காயவைத்து விற்கும் குழுக்கள் கூட்டாக அதைப் பார்க்கலாம். தூசி இல்லாமல் காயும், திடீர் மழைக்கு ஓடிப்போய் அள்ள வேண்டாம். தனித்தனி மாடியில் போடுகிற காசைவிட குழுவாகச் சேர்ந்து இதில் போடுகிற காசு சீக்கிரம் திரும்பும் என்றுதான் எங்களுக்குத் தோணுது.

போடுவது என்று முடிவு செய்தவங்களுக்கு: தேசியத் தளத்தில் பதிவாகியிருக்கும் கம்பெனியா என்று பாருங்க, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, கொட்டேஷனில் பழைய வரி போட்டிருந்தால் கேளுங்க. உள்நாட்டில் செய்த செல் இருக்கிற பேனலுக்குத்தான் மானியம். ஐந்து வருஷப் பராமரிப்பு மாட்டின கம்பெனியின் பொறுப்பு, அதையும் எழுதி வாங்குங்க. ஓ.டி.பி. நம்பரை யாருக்கும் சொல்ல வேண்டாம், வெற்றுக் காகிதத்தில் கையெழுத்தும் வேண்டாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவிலிருந்தும் சோலார் கேட்கும் உறுப்பினரின் ஈ.பி. அட்டை, கடைசி வீட்டு வரி ரசீது, வாங்கியிருந்தால் கொட்டேஷன் இவற்றை ஊக்குநர்கள் வாங்கிக்கொண்டு வரவும். அட்டையில் ரீடிங் எழுதாதவங்க மின் இணைப்பு எண்ணைக் கொண்டுவந்தால் போதும், பழைய பில்களை கூட்டமைப்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.